டிசம்பரில் தார் பாலைவனம்: இரண்டு தோழிகள், இரண்டு முதுகுப்பை. ஒட்டகத்தில் ஏறலாமா?

ஈசூன்பறவை | 2 அக்டோபர், இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 47 வயது. என் தோழிக்கும் அதே வயது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முதல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம், அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே. புவியியல் வகுப்பில் உலகப் படத்தில் மஞ்சளாக இருந்த இடங்களைக் காட்டி, "ஒரு நாள் இங்கே போகணும், நீயும் நானும் மட்டும்" என்றாள். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், அவள் அம்மாவின் நீண்ட நோய். போன மாதம்தான் இருவரும் உட்கார்ந்து தேதி குறித்தோம். அவள் பள்ளி ஆசிரியை, ஆகவே டிசம்பர் விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை.

மொத்தம் பன்னிரண்டு நாள். டெல்லியில் இறங்கி, ராஜஸ்தானில் பிகானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர். ரயில், பேருந்து, சாதாரண விடுதி. பயண நிறுவனத்தோடு கூட்டமாகப் போவதில்லை என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

எங்கள் தயக்கமெல்லாம் ஒட்டகத்தில்தான். இரண்டு இரவு மணலில் தங்கி ஒட்டகத்தில் போக ஆசை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு முதுகுத் தட்டு விலகி, இரண்டு மாதம் படுக்கையில் இருந்தாள். இரண்டு பெண்கள் தனியாக மணல்மேட்டில் படுத்துத் தூங்கலாமா என்று அவள் கணவர் கேட்கிறார். என் மகளோ, "அம்மா, ஒட்டகம் ஏறுவதே தப்பு" என்கிறாள். அவள் சொன்னதிலிருந்து எனக்கும் மனம் ஒட்டவில்லை.

போனவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம் | 2 அக்டோபர், இரவு 11:02

அக்கா, ஒட்டகத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் ரயிலைச் சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து நேராக ஜெய்சல்மேர் போனால் 17, 18 மணி நேரம். முதுகு சரியில்லாதவரோடு அது வேண்டாம். நீங்கள் நினைத்த மாதிரி பிகானேரில் இறங்குவதுதான் சரி, ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். பிகானேர் வண்டிகள் சில புது டெல்லி நிலையத்திலிருந்து கிளம்பாது, சராய் ரோகில்லாவிலிருந்து கிளம்பும். பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை படியுங்கள். நான் ஒரு தடவை படிக்காமல் போய், முதுகில் 14 கிலோவோடு ஓடியிருக்கிறேன்.

2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் ஒரு வருடம் முன்பே எடுக்கலாம். மூன்றடுக்கு ஏசியில் உங்கள் தோழிக்குக் கீழ்ப்படுக்கை கேளுங்கள். நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, மூடுபனி. டிசம்பர் பாதிக்குமேல் வட இந்தியாவில் ரயில் நாலைந்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம், டெல்லி விமானங்களும் அப்படியே. சிங்கப்பூர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் காலையிலேயே டெல்லியில் இருக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். ஒரு நாள் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

வெள்ளைச்சீருடை | 3 அக்டோபர், காலை 6:48

இரவுப் பணி முடிந்து பேருந்தில் எழுதுகிறேன். உங்கள் தோழி முதலில் தன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். "பயணம் போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால் போகலாம் என்றுதான் சொல்வார்கள். "ஒட்டகத்தில் ஒரு நேரத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாமா, அது முன்னும் பின்னும் ஆட்டும்" என்று கேட்கச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதியில் ஒட்டகச் சவாரி அடங்குமா, பழைய முதுகு வலி அடங்குமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றிலேயே வளர்ந்தவர்களுக்கு அந்த வறட்சி புதிது. மூக்கின் உள்பக்கம் காய்ந்து ரத்தம் வரும், உதடு வெடிக்கும். உப்புநீர் மூக்குத் தெளிப்பான், வாசலின், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மூன்றும் வேண்டும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது. ஒட்டகப்பால் கொடுத்தால் காய்ச்சியதை மட்டும் குடியுங்கள்.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். இங்கே விடியற்காலையில்கூட 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அங்கே டிசம்பர் இரவில் மணல்மேட்டில் 5, 6 டிகிரி வரை இறங்கும். என் அண்ணன் மெல்லிய குளிர்ச்சட்டை ஒன்றை மட்டும் கொண்டுபோய், விடிய விடிய உட்கார்ந்தே இருந்தான்.

பச்சைமனம் | 3 அக்டோபர், மதியம் 12:30

உங்கள் மகள் சொன்னது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒட்டகத்தின் மூக்கைத் துளைத்து மரக்கட்டை செருகி, அதில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று கணக்கே கிடையாது. படம் எடுக்கப் பத்து நிமிடம் ஏறிவிட்டு இறங்கும் நமக்கு அது ஒரு ஞாபகம், அதற்கு அதுதான் முழு நாள். பாலைவனத்தைப் பார்க்க ஒட்டகத்தின் முதுகு அவசியமில்லையே? நடக்கலாமே?

கோபத்தில் எழுதவில்லை. நான் போனாலும் ஏற மாட்டேன்.

குளம்பு | 3 அக்டோபர், இரவு 9:20

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். இப்போது சிங்கப்பூரில் பூனை, நாய் பார்க்கிறேன், அதற்கு முன்பு ராஜஸ்தானில் இரண்டு வருடம் இருந்தேன். பச்சைமனம் சொல்வதில் உண்மை இருக்கிறது. சரியாகப் பார்க்காத மூக்குத் துளையில் சீழ் வைத்த ஒட்டகங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் பத்து லட்சத்துக்கு மேல் ஒட்டகங்கள் இருந்தன. 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சம், 2019இல் இரண்டரை லட்சம். யாரும் வேட்டையாடிக் குறையவில்லை, வேலை இல்லாமல் குறைந்தது. உழுவதற்கு டிராக்டர் வந்தது, சுமைக்கு லாரி வந்தது, இந்திரா காந்தி கால்வாய் வந்த இடத்தில் மேய்ச்சல் நிலம் வயலாக மாறியது. கிராமத்துக்குப் பொதுவாக இருந்த, தெய்வத்துக்கு விட்ட காடுகள் சுருங்கின. 2014இல் ஒட்டகத்தை ராஜஸ்தானின் மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் அதைக் கொல்லவும் வெளிமாநிலம் கொண்டுபோகவும் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் வந்தது. காப்பாற்றத்தான் போட்டார்கள், ஆனால் வாங்க ஆள் இல்லாமல் விலை விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா மக்களின் பிள்ளைகள் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். ஒரு கிழவர் என்னிடம், "பால் விற்கவில்லை, குட்டி விற்கவில்லை, இதை எதற்கு வளர்க்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே என் கருத்து இது. ஒட்டகம் வைத்திருப்பவருக்கே நேராகப் பணம் போகிற மாதிரி, நிதானமாக, ஆளுக்கு ஒரு ஒட்டகம் என்று போனால் அது அவருக்கு ஒட்டகத்தை வைத்திருக்க ஒரு காரணம். மணல்மேட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி, மாலை இரண்டு மணி நேரத்தில் முப்பது பேரை ஏற்றி இறக்குவது வேறு கதை. அதற்குப் போகாதீர்கள்.

ஏறும் முன்பு மூக்குக்கட்டை இருக்கும் இடம் வீங்கியோ ஈரமாகவோ இருக்கிறதா பாருங்கள். சேணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், திமிலுக்கு இரண்டு பக்கமும் புண் இருக்கக் கூடாது. நல்ல ஒட்டகக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், பெருமையாகக் காட்டுவார். திமில் ஒரு பக்கம் துவண்டு விழுந்திருந்தால் அது பட்டினி கிடந்திருக்கிறது. திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு.

நீங்கள் போகிற மாதத்துக்கு முக்கியமான விஷயம்: குளிர்காலம் ஆண் ஒட்டகம் இணைதேடும் காலம். வாயில் நுரை தள்ளும், அண்ணத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பை வெளியே தொங்கும், பின்தலையில் கருப்பாக ஏதோ கசியும். அந்த நிலையில் இருக்கும் ஒட்டகம் கடிக்கும், அதன் கடி சாதாரணம் இல்லை. பெண் ஒட்டகம் கேளுங்கள், அல்லது காயடித்தது கேளுங்கள்.

முதுகு வலிக்காரருக்கு: ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிரும், நீங்கள் முன்னால் சரிவீர்கள். அதனால் எழும்போதும் பின்பக்கம் சாயுங்கள், உட்காரும்போதும் பின்பக்கம் சாயுங்கள். ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வைத்து நடக்கிற விலங்கு அது, ஆட்டம் அதனால்தான். இடுப்பை விறைப்பாகப் பிடிக்காமல் அதோடு ஆட விட்டால் வலி குறையும். பல சேணங்களில் கால் வைக்க வளையமே இருக்காது, கயிற்றில் வளையம் கட்டித்தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பச்சைமனம் சொன்ன மாதிரி நடக்கலாம். ஒட்டகம் பையையும் தண்ணீரையும் சுமக்கட்டும், அதற்கும் அதே கூலிதான்.

பச்சைமனம் | 3 அக்டோபர், இரவு 10:05

விலை விழுந்த கதை எனக்குத் தெரியாது. நன்றி. ஏறுவதில்லை என்பதில் மாற்றமில்லை, ஆனால் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

தேக்காமாமா | 4 அக்டோபர், காலை 8:15

தங்கச்சி, நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒன்று இளவயதில், ஒன்று ஓய்வு பெற்ற பிறகு. ஒரே ஒரு வேண்டுகோள். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் தங்காதீர்கள்.

1156இல் கட்டத் தொடங்கிய கோட்டை. மஞ்சள் மணற்கல், சாயங்கால வெயிலில் பார்த்தால் நெய்யில் வறுத்த மாதிரி இருக்கும். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இன்றைக்கும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மழையே அதிகம் இல்லாத ஊருக்கு என்று கட்டியது அது. நம் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அங்கே அதில் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான். குடத்தில் தண்ணீர் தூக்கிப் புழங்கிய இடத்தில் குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, நாம் போய் நின்று குளிக்கிறோம். சாக்கடையில் கசியும் தண்ணீர் அடியில் இருக்கும் மண்ணுக்குள் இறங்கி, கொத்தளங்களே சரிந்திருக்கின்றன. முதல் தடவை நானும் உள்ளேதான் தங்கினேன், தெரியாமல். கீழே ஊரில் தங்கி, காலையில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கீழேயிருந்து பார்த்தால்தான் கோட்டை முழுசாகத் தெரியும்.

சாப்பாட்டில் கேர் சாங்க்ரி என்ற பொரியல் கேளுங்கள். சாங்க்ரி என்பது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் சுற்றி வருகிறோமே வன்னி மரம், அதன் காய். அங்கே அந்த மரத்துக்கு கேஜ்ரி என்று பெயர். ஜோத்பூர் பக்கம் கேஜர்லி என்ற கிராமத்தில் 1730இல் அந்த மரங்களை வெட்ட வந்தபோது மரங்களையும் விலங்குகளையும் காக்கிற பிஷ்னோய் சமூகத்து மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள், முதலில் விழுந்தது அம்ரிதா தேவி என்ற பெண். ஜோத்பூரில் நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

பகலில் மணலில் படுத்திருக்கும் ஒட்டகத்தைப் பார்த்தால் ஒன்று ஞாபகம் வரும். சங்கப் பாட்டு ஒன்றில், அலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள பெரிய மரக்கட்டைகளைத் தூங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். நம் கடற்கரைக்காரர் ஒருவர் அந்த விலங்கு படுத்திருப்பதை எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கும்.

ஜூரோங்நடையன் | 4 அக்டோபர், பிற்பகல் 3:40

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அது எல்லைப் பகுதி. போகும் முன்பு நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பாருங்கள், இணையத்தில் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். மலை ஏறுகிறவர்கள் கொண்டுபோகும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை எடுத்துப் போகவே போகாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

பெண்கள் தங்குவதற்கு, கூடாரம் போடும் முகவரை விட, குடும்பமாக நடத்தும் விடுதியில் அந்த வீட்டுப் பெண்களிடம் பேசி ஏற்பாடு செய்வது நல்லது என்று என் மனைவி சொல்கிறாள். போன ஆண்டு அவள் தன் தங்கையோடு அப்படித்தான் போனாள். கழிப்பறைக்கு மணல்மேட்டின் மறுபக்கம்தான். தலைவிளக்கு ஆளுக்கொன்று, காகிதத்தைப் புதைக்காமல் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர ஒரு உறை.

ஈசூன்பறவை | 4 அக்டோபர், இரவு 9:55

எல்லாவற்றையும் அச்செடுத்துத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அவள் மருத்துவர், ஒரு நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் உட்காரக் கூடாது, இடுப்புப் பட்டை போட வேண்டும் என்றிருக்கிறார். அமாவாசையை ஒட்டி மணலில் தங்குகிற மாதிரி தேதி வைத்திருக்கிறோம். வந்து எழுதுகிறேன்.

ஈசூன்பறவை | 29 டிசம்பர், இரவு 8:30

வந்துவிட்டோம். உதடு இன்னும் ஆறவில்லை.

முதலில் தண்டவாளத்துக்கு நன்றி. ஜோத்பூரிலிருந்து டெல்லி வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். ஒரு நாள் இடைவெளி விட்டிருந்ததால் பதறாமல் நிலையத்திலேயே மிளகாய் வடை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிகானேரில் ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்குப் போனோம், 1984இல் தொடங்கியது. ஒட்டகப்பால் ஐஸ்கிரீமும் தேநீரும் கிடைத்தன. பாலில் லேசான உப்புச் சுவை. சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து கூட்டமாகத் திரும்பும் நேரத்தில் குட்டிகள் தாயைத் தேடிக் கத்தும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஜெய்சல்மேரில் முதல் ஏற்பாடு கெட்டது. ஒரு முகவரிடம் ஊரிலிருந்து விலகிய கிராமத்துப் பக்கம் என்று பேசி முன்பணமும் கொடுத்திருந்தோம். ஜீப் போய் நின்ற இடத்தில் கூடாரங்கள் வரிசையாக நின்றன, ஒலிபெருக்கியில் பாட்டு, ஒட்டகங்கள் வரிசையில். ஒரு ஒட்டகத்தின் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. குளம்பு எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். தோழி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "திருப்புங்க" என்று மட்டும் சொன்னாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. முன்பணம் போனது.

மறுநாள் விடுதி வீட்டு அம்மாவிடம் சொன்னோம். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பினார், தெற்கே கூரி என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமம். மூன்று ஒட்டகங்கள், அவர், அவருடைய பதினெட்டு வயது மகன். நான் சைகையில் சேணத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்றையும் காட்டினார், பல்லைக்கூடத் திறந்து காட்டினார். நுரை தள்ளிய ஆண் ஒட்டகம் ஒன்று தனியாகக் கட்டிக் கிடந்தது. நான் கேட்கும் முன்பே, "இது வேண்டாம், பைத்தியம் பிடித்திருக்கிறது" என்று கையால் காட்டினார்.

முதல் நாள் காலையில் முக்கால் மணி நேரம் ஏறினோம். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் நிலம் வேறாகத் தெரிகிறது. முதல் பாதி மணல் கிடையாது. கல்லும் முள்ளும், எருக்கஞ்செடியும், தூரத்தில் ஒரு வன்னி மரமும். மணல் அப்புறம்தான் வருகிறது. தோழி இறங்கி நடக்கத் தொடங்கினாள். அவளைத் தனியாக நடக்கவிட்டு நான் மட்டும் மேலே உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை, நானும் இறங்கிவிட்டேன். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க நடந்தோம், ஒட்டகங்கள் தண்ணீரையும் ரஜாய் என்ற கனத்த பஞ்சுப் போர்வைகளையும் சுமந்தன. மறுநாள் காலையில் மறுபடி கொஞ்சம் ஏறினோம். ஆக மொத்தம் ஏறியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. முப்பது வருடமாக ஏறணும் ஏறணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தில் நடந்ததைத்தான் வீட்டில் வந்து அதிகமாகப் பேசுகிறோம்.

இரவில் கம்பு ரொட்டியும் சாங்க்ரியும். ரொட்டியைக் கையாலேயே தட்டினார். ரஜாய் ஆளுக்கு மூன்று. சுடுதண்ணீரை எவர்சில்வர் போத்தலில் ஊற்றிக் காலுறைக்குள் வைத்துப் படுத்தோம்.

விடியற்காலை நாலு மணிக்கு அவள் என்னை உலுக்கி எழுப்பினாள். முதலில் வடக்கே துருவ நட்சத்திரம். கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டியால் அளந்தால் கிட்டத்தட்ட மூன்று முட்டி உயரத்தில் நின்றது. நம் ஊரில் அது அடிவானத்தை ஒட்டியே கிடப்பதால் பார்க்கவே முடியாது, 47 வயதில் முதல் தடவை பார்க்கிறேன். அப்புறம் வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம். வால் பக்கமிருந்து இரண்டாவது நட்சத்திரத்தைப் பார்க்கச் சொன்னாள். உற்றுப் பார்த்தால் அதன் மேல் ஒட்டியபடி சின்னதாக இன்னொன்று. அருந்ததி.

என் கல்யாணத்தில் அய்யர் மண்டபத்துக் கூரையைக் காட்டி, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டார், தெரிகிறது என்று சொன்னேன். அப்போது எனக்குப் பின்னால் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். "அன்றைக்கு நீ பார்க்கல, இப்ப பாரு" என்றாள். விடியும்வரை தூங்கவில்லை. பேசவும் இல்லை.

வெள்ளைச்சீருடை | 29 டிசம்பர், இரவு 9:10

படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவர் முதுகு எப்படி இருக்கிறது?

ஈசூன்பறவை | 29 டிசம்பர், இரவு 9:32

நன்றாக இருக்கிறாள். வலித்தது ஒட்டகத்தால் இல்லை, டெல்லியில் விமானத்துக்குக் காத்திருந்த நாற்காலியால். இன்று காலை ஈசூன் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

பச்சைமனம் | 30 டிசம்பர், காலை 7:20

அக்கா, முழுக்க நடந்தே போக அந்தக் கிராமத்துக்காரர் ஒத்துக்கொள்வாரா? ஒட்டகம் தண்ணீர் மட்டும் சுமந்தால் போதும். கூலி முழுசாகக் கொடுக்கிறேன்.

ஈசூன்பறவை | 30 டிசம்பர், காலை 7:45

கண்டிப்பாக ஒத்துக்கொள்வார் தம்பி. அவர் எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தி அனுப்பு. போவதாக இருந்தால் பிப்ரவரி பாதிக்குள் போய்விடு, அதற்கப்புறம் பகலில் நடக்க முடியாத வெயில் என்றார். காலுறை இரண்டு ஜோடி அதிகமாக எடுத்துக்கொள்.